தலைத்திவசத்துக்கு முன்னால் ஒரு நாய்க்குட்டி

1

என் வீட்டுக்காரர் இறந்த எட்டாவது மாதத்தில் நான் ஒரு நாய்க்குட்டி எடுத்தேன். இதைப் படிக்கிற ஊர்க்காரர்களில் பாதிப் பேர் இந்த வரியிலேயே "ஏத்தம் பிடித்தவள்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். தாராளமாகத் திருப்பிக்கொள்ளுங்கள். மிச்சம் இருக்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது வட ஜெர்மனியில், கடலுக்கு ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு சின்ன ஊர். பிறந்தது பரளச்சிக்குப் பக்கத்துக் கிராமம், வாழ்க்கைப்பட்டது மல்லாங்கிணறு. அவருக்கு இங்கே கப்பல் எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை கிடைத்தது. ஆறு மாதக் கைக்குழந்தையோடு நானும் பின்னால் வந்தேன். இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. போன ஐப்பசியில், பட்டறைக்குக் கிளம்பக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஒரு காலில் உறை இருந்தது, ஒரு காலில் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்தை மல்லாங்கிணற்றில் செய்தோம். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது என் கொழுந்தன் செல்வராசு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மதினி, இனிமே ஒத்தையில அங்க கெடந்து என்ன செய்யப் போறீக? தலைத்திவசத்துக்குள்ள அங்க உள்ளத எல்லாம் ஒழிச்சிட்டு வந்துருங்க. மாடியில ஒரு ரூமு எடுத்திட்டேன். பாத்ரூமு உள்ளயே இருக்கு. ஏசியும் மாட்டிர்றேன்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. தகனம் இங்கேயே முடிந்துவிட்டதால், அண்ணனுக்குக் கொள்ளி வைக்க முடியவில்லையே என்று சுவரில் முட்டிக்கொண்டு அழுதவர். நானும் அழுதுகொண்டிருந்ததால் என்ன ஏது என்று யோசிக்காமல் தலையை ஆட்டிவிட்டேன். அதை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். அந்தத் தலையாட்டலைத்தான் ஒன்பது மாதமாகத் திரும்ப வாங்கப் பார்க்கிறேன்.

2

நான் பள்ளிக்கூடச் சமையல் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஏழு மணி முதல் ஒரு மணி வரை. என்னோடு உருளைக்கிழங்கு உரிக்கிற ஹெல்காவுக்கு ஊருக்கு வெளியே பண்ணை இருக்கிறது. வசந்தத்தில் அவளுடைய நாய் ஆறு குட்டி போட்டது. நாலுக்கு ஆள் வந்தாகிவிட்டது, ரெண்டு பெட்டைக் குட்டி மிச்சம் என்று ஒரு நாள் சொன்னாள். கேட்ட மாத்திரத்தில், "ஒன்று எனக்கு" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவள் என்னையே பார்த்தாள்.

வாய்தான் முந்தியதே தவிர, கணக்கு தப்பவில்லை. குட்டிகளுக்கு எட்டு வாரம் முடிகிற வாரமும் பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடுகிற வாரமும் ஒன்றாக வந்தன. ஆறு வாரம் நான் முழு நேரமும் வீட்டில். வெளியில் போய் ஒன்றுக்கு இருக்கப் பழக்கலாம், தனியாக இருக்கப் பழக்கலாம், முதலில் பத்து நிமிடம், பிறகு அரை மணி. பள்ளி திறந்த பிறகு இடைவேளையில் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். ஆனி மாதத்தில் இங்கே இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். இதுவே ஐப்பசிக்கு மேல் என்றால் நாலு மணிக்கு இருட்டு, வழுக்குகிற பனி, எனக்கு வேலை. அந்தக் குளிரில் குட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்க வேண்டும். இதைவிடச் சரியான நேரம் எனக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு வரப்போவதில்லை.

இந்தக் கணக்கு எனக்கு எங்கள் காட்டில் வந்தது. எங்களுடையது மானாவாரி. மழை விழுந்தால் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு, தையில் கதிர். கதிர் பிடிக்கும்போது காட்டுப்பன்றி இறங்கும். அதனால் அப்பா புது நாய்க்குட்டியை ஆடியில்தான் கொண்டுவருவார். ஆடியில் வந்தால் மார்கழிக்குள் குரைக்கக் கற்றுக்கொள்ளும். தையில் கொண்டுவந்த குட்டி பன்றியைப் பார்த்து வாலாட்டும், அவ்வளவுதான். மனசு சரியாக இருக்கிறதா, வீடு தயாரா என்று யாரும் யோசித்ததில்லை. நாய்க்கு வேலை எப்போது வரும் என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்ததுபோல் சொல்ல வேண்டாம். அவர் இருந்தவரை எங்கள் வீட்டில் நாய் கிடையாது. சின்ன வயதில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்ட மனிதர். இங்கே கழுத்தில் வாரோடு சாதுவாகப் போகிற நாயைக் கண்டால்கூடத் தெருவின் எதிர்ப்புறம் மாறிவிடுவார். நானும் அத்தனை வருடமும் கூடவே மாறினேன். அவர் இல்லாததால்தான் நாய் வந்தது. அதனால் அவர் இல்லாதது நல்லது என்று ஆகிவிடாது. இரண்டையும் சேர்த்துத்தான் நான் சுமக்கிறேன்.

3

முதலில் மகனிடம் சொன்னேன். கதிர் இந்த நாட்டின் தெற்குக் கோடியில் படிக்கிறான், ரயிலில் எட்டு மணி நேரம். அப்பா போன பிறகு இரண்டு தரம்தான் வீட்டுக்கு வந்தான். வந்தாலும், அப்பா கடைசியாக உட்கார்ந்து காலுறை மாட்டிய நாற்காலிப் பக்கம் போக மாட்டான்.

"அம்மா, நீ இப்ப ரெடி இல்ல" என்றான். "துக்கத்துல இருக்கும்போது பெட் எடுக்கக் கூடாது. எல்லாரும் எழுதியிருக்காங்க. ஒரு வருஷம் பெரிய முடிவு எதுவும் எடுக்கக் கூடாது. நீ அப்பா இடத்துல நாயை வைக்கப் பாக்குற."

"ஏலே, உங்கப்பா இடத்துல நாயை வச்சா அவரு எந்திரிச்சு ஓடிருவாருடா" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. ஐந்து இணைப்புகள் அனுப்பினான். ஒன்றில் கேள்விப் பட்டியல் இருந்தது. உங்கள் மனநிலை சீராக இருக்கிறதா? சமீபத்தில் நெருங்கியவரை இழந்தீர்களா? கடைசியில் சிவப்பு எழுத்தில், "காத்திருப்பதே நல்லது" என்று முடிவு.

இரண்டாவதாகச் செல்வராசு. அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். கதிர்தான் சொல்லியிருக்கிறான். மாதக்கணக்கில் சித்தப்பாவுக்கு ஒரு போன் போடாத பிள்ளை, என்னைத் தடுக்கப் போட்டிருக்கிறான்.

"என்ன மதினி இது? வருசம் திரும்பல. வீட்ல ஒரு நல்லது கெட்டது பாக்காம, புதுசா ஒரு உசிர உள்ள கொண்டாரலாமா? நாங்களே பசுங்கன்னு வாங்கறத அடுத்த வருசத்துக்குத் தள்ளிப்புட்டோம். ஊருல என்ன பேசுவாக?"

"ஊருல யாரு தம்பி இங்க வந்து பாக்கப் போறாக?"

"பாக்க வேண்டாம். தெரிஞ்சா போதாதா? அதுவுமில்லாம, எப்படியும் ஐப்பசியில வந்துரப் போறீக. அந்த நாய யாரு தலையில கட்டப் போறீக?"

ஒருவர் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு ஒரு வருடம் பொறு என்கிறார். இன்னொருவன் இணையத்தை வைத்துக்கொண்டு ஒரு வருடம் பொறு என்கிறான். மல்லாங்கிணறும் ஜெர்மனியும் இத்தனை வருடத்தில் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான். நடுவில் இருக்கிற என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை.

4

நான் பிடிவாதக்காரி என்று எங்கள் வீட்டில் எப்போதும் சொல்வார்கள். பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

எனக்கு ஒன்பது வயதில் அப்பாவின் தங்கை, எங்கள் வெள்ளையம்மா அத்தை, புருஷன் செத்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். துணிமூட்டை ஒன்று, பின்னாலேயே ஒரு செவலை நாய். வந்த நாளிலிருந்து அந்த நாய் பொழுது சாய்ந்தால் வாசலில் நின்று ஊளையிட்டது. இன்னொரு சாவு விழும் என்று பெரியவர்களுக்குப் பயம் வந்துவிட்டது. கருவேல விறகைச் சுட்டுக் கரியாக்குகிற மூட்டத்திலிருந்து மதுரைக்கு மூட்டை ஏற்றிப் போகிற லாரிக்காரரிடம் பேசி, எங்கேயாவது தூரத்தில் இறக்கிவிடச் சொன்னார்கள். நாய் பெரிய ஆட்கள் கையில் சிக்கவில்லை. என்னைக் கூப்பிடச் சொன்னார்கள். நான் கூப்பிட்டேன். அது வாலை ஆட்டிக்கொண்டு என்னிடம் வந்தது.

சாக்கில் கட்டிக் கரி மூட்டைமேல் ஏற்றினார்கள். அத்தை அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு முப்பது வருடம் அத்தை எங்கள் வீட்டில் இருந்தாள். எனக்குத் தெரிந்து மூன்று தரம், வீட்டோடு தனக்கென்று ஒரு நாய்க்குட்டி கேட்டாள். ஒரு தரம், வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள், இப்போது வேண்டாம் என்றார்கள். ஒரு தரம், கல்யாணம் வருகிறது என்றார்கள். ஒரு தரம், இந்த வயதில் உனக்கு என்ன அவசரம் என்றார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவே இல்லை, இப்போது வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். எல்லாருக்கும் தோதான அந்த நேரம் வருவதற்குள் அவள் போய்விட்டாள். அவளுக்காக நான் ஒரு தரம்கூடப் பேசவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

5

குட்டிகளுக்கு ஐந்து வாரம் ஆனபோது ஹெல்காவின் பண்ணைக்குப் பார்க்கப் போனேன். அங்கேதான் என் மானம் போனது.

எங்கள் பக்கத்தில் குட்டி தேர்ந்தெடுக்க ஒரு முறை உண்டு. பிடரித் தோலைப் பிடித்து ஒரு கையால் தூக்க வேண்டும். சத்தம் போடாமல் தொங்குகிற குட்டிதான் தைரியசாலி, அதை எடுக்க வேண்டும். கத்துகிற குட்டியைக் கீழே விட்டுவிட வேண்டும். இதை நான் யோசித்துச் செய்யவில்லை. வைக்கோலில் உட்கார்ந்தேன், மிச்சமிருந்த இரண்டு பெட்டைகளில் ஒன்றைப் பிடரியைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். அது சத்தமே இல்லாமல் தொங்கியது. அடுத்ததைத் தூக்கினேன். அது ஊரைக் கூட்டியது.

ஹெல்கா அதைவிடச் சத்தமாகக் கத்தினாள். குட்டியைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "உன்னிடம் தர முடியாது. உனக்கு நாயைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்றாள். எட்டு வருடம் பக்கத்தில் நின்று காய் நறுக்கியவள். நாய் வளர்த்த பரம்பரை என்று நெஞ்சை நிமிர்த்திப் போனவள், கொடுமைக்காரியாகத் தலைகுனிந்து நின்றேன்.

விளக்கிச் சொல்ல எனக்கு மொழியும் தடுமாறியது. மாலை வகுப்பில் மரியாதையாகப் பேசக் கற்றுக்கொண்டவள் நான். பதட்டத்தில் தாய் நாயைப் பார்த்து, "மன்னிக்க வேண்டும், நீங்கள் உட்காருங்கள்" என்று அதிகாரிகளிடம் பேசுகிற மரியாதையில் சொல்லிவிட்டேன். ஹெல்காவுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். மூன்று வாரமும் சனி, ஞாயிறு வந்து குட்டிகளோடு இருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் தருவது பற்றி முடிவு. ஆறு நாளும் போனேன். சாணியைக்கூட அள்ளிப் போட்டேன்.

ஆறாவது நாள் முடிவில், இரண்டில் எது வேண்டும் என்று கேட்டாள். அப்பாவாக இருந்தால் சத்தம் போடாததைத்தான் எடுத்திருப்பார். நான் கத்தியதைக் கேட்டேன். பிடிக்கக் கூடாத இடத்தில் பிடித்தால் கத்துகிற ஒரு ஜீவன் என் வீட்டில் இருக்கட்டும் என்று தோன்றியது. சண்டி என்று பேர் வைத்தேன்.

6

வீட்டுச் சொந்தக்காரர்களின் அலுவலகத்தில் அனுமதி வாங்காமல் இங்கே நாய் வைக்க முடியாது. எழுதிப் போட்டேன். வாடகை ஒப்பந்தம் அவர் பேரில் இருந்ததால் பதிலும் அவர் பேருக்கே வந்தது. இறப்புச் சான்றிதழை அதற்கு முன் இரண்டு தரம் அனுப்பியிருக்கிறேன். "மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் ஒரு நாய் வளர்க்க அனுமதிக்கிறோம்." நாயைக் கண்டால் தெரு மாறியவருக்கு, செத்த பிறகு நாய் வளர்க்க அனுமதி. தபால் பெட்டி முன் நின்று சிரித்தேன். அவர் போனபின் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தரம். சிரிப்பு முடிகிற இடத்தில் அழுகை பிடித்துக்கொண்டது. மேல் வீட்டுக்காரர் படியில் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினார்.

அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நான் இருக்கவில்லை. மூன்றாவது தரமாகச் சான்றிதழை அனுப்பி, ஒப்பந்தத்தை என் பேருக்கு மாற்றுங்கள், அனுமதியை எனக்குத் தாருங்கள் என்று எழுதினேன். மாற்றித் தந்தார்கள். பிறகு ஊராட்சி அலுவலகத்தில் நாய் வரிக்குப் படிவம். ஆம், இங்கே நாய்க்கு வரி உண்டு. உரிமையாளர் என்ற கட்டத்தில் என் பேரை எழுதினேன். அங்கிருந்த பெண் அதைச் சரியாக உச்சரிக்க மூன்று தரம் முயன்றாள். நானும் அவசரப்படுத்தாமல் மூன்று தரமும் திருத்தினேன்.

குட்டியைக் கூட்டி வர ஹெல்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி சொன்னாள். நான் அசையப்போவதில்லை என்று தெரிந்ததும் செல்வராசு பேரத்தில் இறங்கினார்.

"எடுத்தே தீருவேன்னா நல்ல நேரத்துலயாவது எடுங்க மதினி. ஞாயித்துக்கிழம நாலரையிலருந்து ஆறு ராகுகாலம். காலண்டர்லயே போட்டுருக்கான்."

"அது அருப்புக்கோட்டைக் காலண்டரு தம்பி. இங்க பொழுது பத்து மணிக்குத்தான் அடையிது. பகல எட்டாப் பங்கு போட்டு, ஞாயித்துக்கிழமைக்குக் கடைசிப் பங்கு. சரிதான?"

"ஆமா."

"அப்ப இங்க ராகுகாலம் ராத்திரி சாப்பாட்டு நேரத்துலல்ல வருது. அஞ்சு மணிக்கு ராகு இன்னும் வீட்ட விட்டே கெளம்பிருக்க மாட்டாரு."

"உங்ககிட்டப் பேசி ஜெயிக்க முடியாது" என்று வைத்துவிட்டார்.

பயமே இல்லை என்று சொன்னால் பொய். கிளம்பும்போது என் வீட்டுக்காரர் படத்தின் முன்னால் நின்றேன். கை தானாகக் கும்பிட்டது. "கோவிச்சிக்கிட்டாலும் பரவால்ல, எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

7

இப்போது சண்டிக்குப் பதின்மூன்று வாரம். என் செருப்பில் ஒன்றையும் திரைச்சீலையில் பாதியையும் தின்று முடித்துவிட்டாள். ஆறு மணிக்கு எழுப்பி, அவள் மோந்து மோந்து இடம் தேடி முடிக்கும்வரை பைஜாமாவோடு புல்வெளியில் நிற்கிறேன். நாய்க்குட்டி வகுப்புக்கும் போகிறோம். கட்டளைகளை ஜெர்மனில் சொல்லுங்கள், அதுதான் எல்லாருக்கும் நல்லது என்றார் பயிற்சி தருகிற பெண்.

இதே பேச்சை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். கதிருக்கு நாலு வயதாக இருக்கும்போது அவன் ஆசிரியை, வீட்டிலும் ஜெர்மனே பேசுங்கள் என்றார். நல்ல பிள்ளைகளாகப் பேசினோம். அதன் பலன், இன்று அவன் சித்தப்பாவோடு பேசும்போது பாதி வாக்கியத்தில் சொல் கிடைக்காமல் நிற்கிறான். நின்றால் எரிச்சல் வருகிறது. எரிச்சல் வந்தால் போன் பண்ணுவதை நிறுத்திவிடுகிறான். இந்தத் தடவை நான் யார் பேச்சையும் கேட்பதாக இல்லை. "ஏலே சண்டி, இங்க வாலே" என்றால் வருகிறாள். மற்ற நாய்களுக்கு ஆறு தரம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கதிர் போன வாரம் வந்தான். வந்ததும் உம்மென்று இருந்தான். குட்டி அவன் பையைக் கடித்து இழுத்தது. மடிக்கணினியைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு, "இவள டீச் பண்ணவே இல்லயாம்மா நீ" என்று சலித்துக்கொண்டான். சாயங்காலம் வாரை எடுத்துக்கொண்டு கூட்டிப்போனான். திரும்பி வந்து, இன்னும் அது தப்பான நேரம் என்றுதான் நினைக்கிறேன் என்றான். நினைத்துக்கொள் என்றேன். அவன் மனசை மாற்ற நான் நாய் எடுக்கவில்லை, நாய் வந்ததால் அவனும் மாறிவிடவில்லை.

நேற்று செல்வராசு கூப்பிட்டார். தலைத்திவசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, சமையலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது.

"டிக்கெட்டு போட்டாச்சா மதினி? ஒரு வழி போட்டா போதும்ல?"

"போக வர ரெண்டும் போட்டுட்டேன் தம்பி. பன்னெண்டு நாள் இருப்பேன், அதுவரைக்கும் குட்டி பொறந்த பண்ணையில கெடக்கும். அவுகளுக்குச் செய்ய வேண்டியது ஒண்ணுலயும் கொற வைக்க மாட்டேன். முடிச்சிட்டுத் திரும்பிருவேன்."

அந்தப் பக்கம் ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"ஒரு நாய்க்காகவா மதினி?" என்றார். குரல் உடைந்திருந்தது. "அண்ணன் வீட்ட, எங்கள எல்லாம் விட்டுட்டு, ஒரு நாய்க்காகவா திரும்பிப் போறீக?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கும் ஆறுதல், ஊருக்குச் சொல்லிக்கொள்ளவும் ஒரு காரணம். நாயைக் கட்டிக்கொண்டு அழுகிறாள், பாவம் என்று விட்டுவிடுவார்கள். வாய்வரைக்கும் வந்த அந்த ஆமாமை விழுங்கிக்கொண்டேன். அன்று பந்தலில் தலையாட்டியதைப்போல இன்னொரு பொய் வேண்டாம்.

"நாயிக்காக இல்ல தம்பி. நாயி வந்து அஞ்சு வாரம்தான் ஆகுது. நான் வந்து இருபத்திரெண்டு வருசமாச்சு. இது என் வீடு."

அவர் போனை வைத்துவிட்டார். டிக்கெட்டில் திரும்புகிற தேதி போட்டது போட்டபடியே இருக்கிறது.